கடகம் யாருடையது?

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் கைப்பணிக் கூடக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



எங்கள் குழுவுக்கு ஒதுக்கிய நேரம் இருபது நிமிடம். பணம் கேட்கத்தான் மேடை ஏறியிருக்கிறோம் என்பது முன்வரிசையில் இருப்பவர்களின் முகத்திலேயே தெரிகிறது. கேட்கத்தான் போகிறோம். அதற்கு முன் ஓர் அலுமாரியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

மனையியல் அறையின் மூலையில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அலுமாரி நின்றது. எண்பதுகளுக்கு முன் படித்தவர்களுக்கும் அது தெரியும், பின்னர் படித்தவர்களுக்கும் தெரியும். ஒவ்வொரு வருடமும் பன்னவேலையில் சிறந்ததை ஆசிரியை எடுத்து அதற்குள் வைப்பார். நார் பொத்திய கடகம், சுளகு, நீத்துப்பெட்டி, திருகணை, பூக்குடலை, சாயமிட்ட தடுக்கு. மேல்தட்டில் ஒரு பழைய கொட்டப்பெட்டி இருந்தது. வெற்றிலையும் சில்லறையும் வைத்து மடியில் செருகிக்கொள்ளும் அந்தச் சின்னப் பெட்டியை யாரோ ஒரு மாணவியின் அம்மம்மா கொடுத்ததாகச் சொல்வார்கள். நம்முடைய கடகம் அதற்குள் போய்விட்டால் அன்று வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகத்தான் போவோம்.

2008ஆம் ஆண்டின் கடைசியில் எல்லோரும் கிழக்குப் பக்கமாக நகரத் தொடங்கினோம். அதற்குப் பிறகு நடந்ததை இந்த மண்டபத்தில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. மெனிக் பாமிலிருந்து விடுபட்டுத் திரும்பியபோது மனையியல் அறைக்குக் கூரை இல்லை. அலுமாரி நின்ற இடத்தில், சுவரில் நிறம் மாறிய ஒரு நீள்சதுரம் மட்டும் இருந்தது.

பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர்களிடம் ஓர் ஓலைப்பெட்டியைப் பற்றிப் பேச எங்களுக்கு வாய் வரவில்லை. அதனால்தான் பல வருடம் பேசாமல் இருந்தோம். நூற்றாண்டு மலருக்குப் பழைய படங்கள் தேடியபோதுதான், அலுமாரிக்குள் என்னென்ன இருந்தன என்று ஒரு பட்டியல் எழுதுவோம் என்று உட்கார்ந்தோம். பதினொரு பேர் எழுதினோம். பதினொரு பட்டியல் வந்தது. கொட்டப்பெட்டி சிவப்பா, ஊதாவா என்பதிலேயே ஒத்துப்போக முடியவில்லை. ஏனென்றால் அந்த அலுமாரிக்குப் பதிவேடு என்று ஒன்று இருந்ததே இல்லை. இழந்தோம் என்பது தெரிகிறது. எதை இழந்தோம் என்று சொல்ல எங்களிடம் ஒரு தாள் இல்லை.

இது இருக்கட்டும். நூற்றாண்டு நினைவாக வன்னிக் கைப்பணிகளுக்கு ஒரு கூடம் அமைப்போம் என்று குழு கூடியபோது என்ன பேசினோம் தெரியுமா? முதல் இரண்டு கூட்டமும் கட்டடத்தைப் பற்றித்தான். எத்தனை அடி நீளம், தரைக்கு மாபிளா, ரைல்ஸா, பெயர்ப்பலகை எங்கே, நாடா வெட்ட யாரைக் கூப்பிடுவது. நாடா வெட்டும் ஆளைப் பற்றியே முக்கால் மணித்தியாலம் பேசினோம் என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறோம். அதுவரை பேசாமல் இருந்த எங்களில் மூத்த அக்கா ஒருவர் கடைசியில் கேட்டார்: “பிள்ளையள், கட்டடம் சரி. உள்ளுக்கு என்னத்தை வைக்கப்போறியள்? வைச்சால் அது ஆற்றை?”

அந்த இரண்டாவது கேள்விதான் எங்களை உலுப்பியது. அதன் பிறகுதான் வேறு இடங்களில் இப்படியான கூடங்களை எப்படிக் காப்பாற்றினார்கள், எப்படி இழந்தார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினோம். அதில் ஒரு கதையை உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். இங்கிலாந்திலிருந்து வந்திருக்கும் தங்கைமாருக்கு இது தெரிந்திருக்கலாம், எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஸ்ரோக்-ஒன்-ரென்ற் என்ற ஊரும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் மட்பாண்டத்துக்குப் பேர்போனவை. நம் ஊரில் குயவர் தெருவுக்கு உள்ள பெயர் அங்கே ஒரு வட்டாரத்துக்கே உண்டு. அங்கே 1759இல் ஜொசையா வெட்ஜ்வூட் என்பவர் தொழில் தொடங்கினார். நீல நிறத்தில் வெள்ளை உருவங்கள் பதித்த அவருடைய பாத்திரங்களைக் கொழும்புப் பழைய வீடுகளில் கண்டிருப்பீர்கள். உயிரியல் படித்தவர்களுக்கு ஒரு செய்தி: சார்ள்ஸ் டார்வினுடைய தாயின் தகப்பன் இவர்தான். செய்யும் நல்ல பொருளில் ஒவ்வொன்றை எடுத்து வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று 1774இலேயே அவர் தம் பங்காளிக்கு எழுதினார். 1906இல் அந்தக் குடும்பத் தொழிற்சாலையிலேயே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். 2008இல் பார்லாஸ்ரன் என்ற இடத்தில் அதற்குப் புதுக் கட்டடம் எழுந்தது. அடுத்த வருடம் பிரித்தானியாவின் சிறந்த அருங்காட்சியகத்துக்கான ஆர்ட் ஃபண்ட் பரிசும் கிடைத்தது. எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட பொருட்களும் கடிதங்களும் அங்கே இருந்தன.

பரிசு கிடைத்த அதே 2009இல் தாய்க் கம்பனி முறிந்துபோனது. அருங்காட்சியகம் தனியான ஒரு நம்பிக்கைப் பொறுப்பு. ஆகவே அதற்கு ஒன்றும் ஆகாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆனால் அங்கே வேலை செய்த ஐந்து பேர், அந்தக் கம்பனிக் கூட்டத்தின் பொது ஓய்வூதிய நிதியில் உறுப்பினராக இருந்தார்கள். அந்த நிதியில் சேர்ந்திருந்த மற்ற நிறுவனங்கள் எல்லாம் விழுந்துவிட, கடனைக் கட்டக்கூடிய நிலையில் கடைசியாக நின்றது இந்த அருங்காட்சியகம் மட்டும்தான். கடைசியாக நிற்பவர் தலையில் முழுக் கடனும் விழும் என்பது சட்டம். ஐந்து பேருடைய ஓய்வூதியத்துக்காக 134 மில்லியன் பவுண் கடன் அதன் கழுத்தில் விழுந்தது. 2010இல் அது நிர்வாகிகளின் கைக்குப் போனது. பொருட்களை விற்றுக் கடனைக் கட்டலாம் என்று 2011 மார்கழியில் மேல்நீதிமன்றம் தீர்த்தது.

இதில் யாரையும் வில்லன் என்று சொல்லமுடியவில்லை. ஓய்வூதியத்துக்குக் காத்திருந்தவர்களும் அதே தொழிற்சாலைகளில் களிமண் பிசைந்து வயதானவர்கள்தானே. அவர்களுக்குச் சேரவேண்டிய பணமும் நியாயமானது. ஓர் உறுதி எழுதும்போது ஒரு மேசையில் இருந்த யாரோ ஒருவர் யோசிக்காமல் விட்ட ஒரு விஷயம், இரண்டரை நூற்றாண்டுச் சேகரிப்பை ஏலக்கடை வாசல்வரை கொண்டுபோனது.

பிறகு பணம் சேர்த்தார்கள். தேவைப்பட்டது 15.75 மில்லியன் பவுண். லொத்தர் நிதியமும் ஆர்ட் ஃபண்ட் அமைப்பும் வேறு நிதியங்களும் சேர்ந்து 13 மில்லியன் அளவுக்கு ஒப்புக்கொண்டன. மீதி 2.74 மில்லியனைப் பொதுமக்களிடம் கேட்பது என்று 2014 செப்ரெம்பர் 1ஆம் திகதி அறிவித்தார்கள். நவெம்பர் கடைசிவரை தவணை. ஒக்ரோபர் முதல் வாரத்திலேயே பணம் நிறைந்துவிட்டது. கொடுத்தவர்கள் ஏழாயிரம் பேருக்கு மேல். இப்போது அந்தச் சேகரிப்பு லண்டனிலுள்ள விக்ரோரியா அன்ட் அல்பேட் அருங்காட்சியகத்தின் பெயரில் இருக்கிறது. பொருட்களோ பார்லாஸ்ரனிலேயே, செய்த ஊரிலேயே இருக்கின்றன.

இதைப் படித்து முடித்தபோது எங்கள் மேசையில் எழுந்த பேச்சு இதுதான்: பணம் ஒரு மாதத்தில் வந்துவிட்டது. தாளில் இருந்த பிழை ஐந்து வருடம் இழுத்தது. நாங்கள் பணத்தை எண்ணிப் பயந்துகொண்டிருந்தோம், பயப்படவேண்டியது தாளுக்கு.

நம்முடைய பக்கத்திலும் ஒரு கதை உண்டு. யாழ்ப்பாணத்தில் கே. எம். செல்லப்பா என்பவர் 1933இல் தம் வீட்டிலிருந்து புத்தகங்களை இலவசமாக இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த வருடம் மத்திய கல்லூரியில் ஒரு கூட்டம் கூடியது. ஊரிலே சேர்ந்த பணம் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் ரூபா. அதைக் கொண்டு ஆஸ்பத்திரி வீதியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, 1934 ஓகஸ்ட் 1ஆம் திகதி 844 புத்தகங்களோடு வாசலைத் திறந்தார்கள். 1935இல் அதை நகரசபை பொறுப்பேற்றது. அப்போதே அது செல்லப்பாவுடையது அல்ல, ஊருடையது ஆகிவிட்டது. 1959இல் பெரிய கட்டடம் எழுந்தது. 1981இல் எரித்தபோது 97,000 புத்தகங்கள் போயின என்று இன்றைக்கும் நாம் ஓர் எண்ணைச் சொல்கிறோம். மீண்டும் எழுப்பியபோதும் அது யாருடைய நூலகம் என்ற கேள்வி வரவில்லை. அந்த 844 புத்தகத்தையும் எண்ணி எழுதிய கையை நாங்கள் நினைத்துப் பார்க்கிறோம். நம் அலுமாரிக்கு அப்படி ஒரு கை இல்லாமல் போய்விட்டது.

இனி, “உள்ளுக்கு என்னத்தை வைக்கப்போறியள்” என்ற முதல் கேள்விக்கு வருவோம்.

வவுனியாவில் தொல்பொருள் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே இருப்பவை கற்சிலைகள். பூநகரியில் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் ஆய்வு செய்தபோது கறுப்பு-சிவப்பு மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. கல்லும் சுட்ட மண்ணும் இரண்டாயிரம் வருடம் நிலத்துக்குள் கிடக்கும். ஓலை கிடக்காது. பனையோலைக் கடகத்தையும் குளத்துப் பன்னில் இழைத்த பாயையும் எந்த ஆய்வாளரும் பிற்காலத்தில் தோண்டி எடுக்கப்போவதில்லை. இருக்கும் காலத்தில் எடுத்து வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நம் பெண்களின் கைவேலையில் பெரும்பகுதி இப்படி மக்கிப்போகும் பொருளில்தான் இருந்திருக்கிறது.

கலாயோகி ஆனந்த குமாரசுவாமியைச் சும்மா பெயரளவில் படித்திருப்போம். அவர் படித்தது மண்ணியல். இந்த நாட்டின் கனிப்பொருள் ஆய்வுக்கு முதல் பணிப்பாளராக 1903இலிருந்து மூன்று வருடம் ஊர் ஊராக நடந்தவர். கல்லைத் தேடி நடந்த மனிதர் வழியில் கொல்லனையும் நெசவாளியையும் ஓவியனையும் கண்டு, அவர்கள் தொழில் அழிவதையும் கண்டு, 1908இல் கண்டிப் பகுதிக் கைவினைகளைப் பற்றி அவ்வளவு பெரிய நூலை எழுதி வெளியிட்டார். வன்னிப் பக்கம் அவர் போல் நடந்து எழுத ஒருவர் எங்களுக்கு அமையவில்லை என்று குறைப்படலாம். எங்களுக்குக் கால் இருக்கிறதே என்றார் குழுவில் ஒருவர். ஆகவே நடந்தோம்.

முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பக்கங்களில் வீடு வீடாகப் போனோம். பொருள் அதிகம் கிடைக்கவில்லை. மூன்று நான்கு தடவை இடம்பெயர்ந்த வீட்டில் பழைய சுளகு எங்கே இருக்கும்? பிளாஸ்ரிக் சுளகுதான் இருக்கிறது. புடைக்கவே வராத அந்தச் சாமானை ஏன் சுளகு என்கிறார்களோ தெரியவில்லை. ஆனால் கை இருந்தது. எழுபது தாண்டிய அம்மா ஒருவர் எங்களைக் கண்டதும் சார்வோலை கேட்டு வாங்கி, கதைத்துக் கதைத்தே ஒரு நீத்துப்பெட்டியின் கூம்பை எழுப்பிவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த எங்களில் இரண்டு பேருக்கு அதே பாடத்தில் விசேட சித்தி. ஒருவருக்கும் முதல் முடிச்சு நினைவில் இல்லை.

அவரிடம், மாதம் இரண்டு பெட்டி செய்து தருவீர்களா என்று கேட்டோம். சொன்ன பதிலை அப்படியே தருகிறோம்: “இழைக்க எனக்கு ஏலும் பிள்ளை. ஓலை ஆர் வெட்டித் தாறது? ஏறுற பெடியள் ஒருத்தரும் இல்லை.” போரில் தலை இழந்த பனைகள் ஒருபுறம், நிற்கும் பனையில் ஏற ஆளில்லாதது மறுபுறம். குருத்து வெட்டிக் காயவைத்து, வார்ந்து, ஈர்க்கு நீக்கித் தரும் ஆளுக்கும் கூலி இல்லாமல் கடகம் இல்லை. காட்சிக்கூடம் என்றால் கண்ணாடிப் பெட்டி என்று நினைத்திருந்த எங்களுக்கு, செலவுக் கணக்கில் மரமேறிக் கூலி என்று ஒரு வரி எழுதவேண்டும் என்பது அன்றுதான் தெரிந்தது.

அப்படியானால் பழைய பொருட்கள் எங்கே? அதற்கும் விடை கிடைத்தது. உங்களிடம் இருக்கின்றன! ரொறன்ரோவில் இருக்கும் ஒரு தங்கையின் வீட்டில், பூச்சாடிக்குக் கீழே அம்மம்மாவின் திருகணை இருக்கிறது. பரிஸில் ஒருவர் உள்ளிபோட்டு வைத்திருக்கும் பெட்டி 1983க்கு முன் இழைத்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பெட்டி கட்டி அனுப்பிய தாய்மார், பிள்ளை அங்கே புட்டவிக்கட்டும் என்று நீத்துப்பெட்டியையும் சுற்றி வைத்தார்களே, அவைதான் தப்பியிருக்கின்றன. வன்னிக் கைப்பணியின் சேகரிப்பு இன்றைக்கு வன்னியில் இல்லை. நீங்கள் இருக்கும் ஊர்களின் குசினிகளில் பிரிந்து கிடக்கிறது.

அதனால் எங்கள் வேலையின் ஒழுங்கை மாற்றிவிட்டோம். பதிவேடு முதலில், உறுதி அடுத்தது, பணம் அதற்குப் பிறகு.

பதிவேட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இலக்கம். என்ன பொருள், எந்த ஊரில் இழைத்தது, யார் இழைத்தது, எதற்குப் பாவித்தது, யார் எப்போது தந்தது. இழைத்தவரின் பெயர் என்ற நிரலைக் கட்டாயம் நிரப்பவேண்டும் என்று நிற்கிறோம். பெயர் தெரியாவிட்டால் “பெரியம்மாவின் மாமியார்” என்றாவது எழுதுங்கள். அதே பக்கத்தின் படப்பிரதி கல்லூரிக்கு வெளியே இரண்டு இடங்களில் இருக்கும். மறுபடியும் ஓடவேண்டி வந்தால் பதிவேடாவது தப்பவேண்டும் என்று ஒருவர் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

உறுதியை ஒரு நொத்தாரிசு அம்மா, நம்முடைய பழைய மாணவிதான், எழுதிக்கொண்டிருக்கிறார். பொருட்கள் கல்லூரியின் சொத்தும் அல்ல, சங்கத்தின் சொத்தும் அல்ல. தனியான நம்பிக்கைப் பொறுப்பின் சொத்து. விற்க முடியாது, அடகு வைக்க முடியாது. அந்தப் பொறுப்புக்குச் சம்பளக்காரர் கிடையாது, கடன் வாங்கும் அதிகாரமும் கிடையாது. வேலைக்கு எடுப்பவர்களைச் சங்கம் எடுக்கும். என்றாவது ஒருநாள் நடத்த முடியாமல் போனால், பொருட்கள் எந்தப் பொது நிறுவனத்துக்குப் போகும் என்பதும் இப்போதே எழுதப்படும். அந்த வரியில்தான் குழுவுக்குள் பெரிய சண்டை. யாழ்ப்பாணத்துக்குப் போகக்கூடாது என்று ஒரு பக்கம், வேறு எங்கே பாதுகாப்பு என்று மறுபக்கம். இன்னும் முடியவில்லை. பின்னேரப் பொதுக்கூட்டத்தில் நீங்களும் வந்து சண்டை பிடிக்கலாம்.

பணம். கட்டடம் கட்டப்போவதில்லை. திருத்திய மனையியல் அறையையே அதிபர் அம்மா தந்திருக்கிறார். பணம் ஓலை வெட்டுபவருக்கும், இழைக்கும் அம்மாமாருக்கும், அவர்கள் இழைப்பதைப் படம்பிடிக்கும் பிள்ளைகளுக்கும் போகும். ஒவ்வொரு வகைப் பெட்டியிலும் இரண்டு செய்விப்போம்: ஒன்று கூடத்துக்கு, மற்றது வகுப்பில் பிரித்துப் பார்த்துப் பழக. இன்னொன்றும் வாங்கவேண்டும், கேட்டால் சிரிப்பீர்கள்: ஐஸ்கிறீம் கடைகளில் இருக்கும் பெட்டிபோல ஆழமான ஒரு குளிரூட்டி. வெளியிலிருந்து வரும் ஓலைப்பொருளைப் பொலித்தீனில் காற்றுப் புகாமல் கட்டி, சுழியத்துக்குக் கீழே 20 பாகையில் இரண்டு கிழமை வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். பெரிய அருங்காட்சியகங்களும் மருந்தடிக்காமல் இதைத்தான் செய்கின்றன. கறையானுக்கு மட்டும் பழைய வழிதான், அலுமாரிக் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டையில் நிறுத்துவது.

ஆளுக்கு வருடம் ஆயிரம் ரூபா. அதற்கு மேல் ஒருவரிடமும் முதல் வருடத்தில் வாங்குவதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம். மெல்பேணிலிருந்து ஓர் அக்கா முழுச் செலவையும் தாமே தருகிறேன் என்று எழுதினார். அவருக்கு நன்றி சொல்லி, ஆயிரம் ரூபாவுக்குப் பற்றுச்சீட்டு அனுப்பியிருக்கிறோம். அவருக்குக் கொஞ்சம் கோபம். இன்று மண்டபத்தில் இருக்கிறார், கோபத்தோடுதான் இருக்கிறார் என்று நினைக்கிறோம். அக்கா, ஒருவர் தந்தால் அது உங்கள் கூடமாகிவிடும். ஆயிரம் பேர் தந்தால் நீங்கள் இல்லாத காலத்திலும், நாங்கள் இல்லாத காலத்திலும், கணக்குக் கேட்க ஆயிரம் வீட்டில் ஆள் இருக்கும். கணக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லூரி அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும். வெளிநாட்டுக் கிளைகளுக்கும் அதே தாள் போகும். முன்னொரு காலத்தில் வேறொரு வேலைக்குச் சேர்த்த பணத்துக்குக் கணக்கு வரவில்லை என்று உங்களில் சிலருக்கு இருக்கும் மனக்குறை எங்களுக்கும் உண்டு.

மண்டபத்தின் கிழக்கு வாசலடியில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். அதில் இரண்டு புத்தகங்கள். பச்சை மட்டை பற்றுச்சீட்டுப் புத்தகம். சிவப்பு மட்டை பதிவேடு. பதிவேட்டில் முதல் இலக்கம் நிரம்பிவிட்டது: நீத்துப்பெட்டி, தண்ணீரூற்று, இழைத்தவர் பெயரும் கைநாட்டும். இரண்டாம் இலக்கத்துக்கு ஒரு கொட்டப்பெட்டி நேற்று இரவு லண்டன் விமானத்தில் வந்து இறங்கியிருக்கிறது. அது ஊதா நிறம். அலுமாரியில் இருந்ததும் இப்படித்தான் என்று சொல்லும் ஐந்து பேரும், இல்லை என்று சொல்லும் ஆறு பேரும் இப்போது அந்த மேசையைச் சுற்றி நிற்கிறார்கள். தேநீருக்குப் போகும் வழியில் நீங்களும் வந்து பாருங்கள்.